இன்புளுயன்ஸா ஜுரமும் கிராமத்தின் கூட்டுப் பொறுப்பும்

ஐப்பசி மாதத்து அடைமழை பிடித்துக்கொண்டதும், கிராமங்களில் ஜலதோஷமும் இருமலும் ஜுரமும் தலைகாட்டுவதை நாம் வருஷந்தோறும் கண்டு வருகிறோம். "மழைக்காலம் வந்தால் ஜுரமும் வரத்தான் செய்யும், நாலு நாள் இருந்துவிட்டுத் தானே போய்விடும்" என்று சொல்லி, அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவது பலருக்கு வழக்கமாயிருக்கிறது. இவ்விதம் வரும் ஜுரங்களில் பெரும்பாலானவை லேசானவையே. ஆயினும் அவற்றோடு இன்புளுயன்ஸா என்னும் ஜுரமும் கலந்து வருகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பின்படி, உலகத்தில் ஒவ்வொரு வருஷமும் சுமார் 100 கோடி ஜனங்கள் இதனால் பீடிக்கப்படுகின்றனர். அவர்களில் 30 லட்சம் முதல் 50 லட்சம் பேருக்கு நோய் கடுமையாகிறது. 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை சுவாசக் கோளாறினால் இறக்கின்றனர்.

இது வைத்தியர்களைச் சேர்ந்த விஷயமாயிற்றே, கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 1904-ம் வருஷத்தில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் ஏற்பட்டது. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் சங்கம் ஒன்று தொடங்கப்பெற்றது. அக்காலத்துக் கிராமச் சங்கங்கள் வரையறுக்கப்படாத பொறுப்பு என்னும் தத்துவத்தின்மீது நிறுவப்பட்டவை. அதாவது, அங்கத்தினர் ஒருவர் கடனைச் செலுத்தத் தவறினால் ஏற்படும் நஷ்டத்துக்கு மற்ற அங்கத்தினர் யாவரும் பொறுப்பாளிகள். ஆகையினாலேயே, கடன் வாங்கியவர் அதை நல்ல முறையில் செலவிடுகிறாரா என்பதை அயலார் கவனித்து வந்தனர். பிற்காலத்தில் பெரும்பாலான சங்கங்கள் வரையறுத்த பொறுப்புக்கு மாறிவிட்டன. ஆனால் இன்புளுயன்ஸா விஷயத்தில் கிராமம் இன்றைக்கும் வரையறுக்கப்படாத பொறுப்பிலேயே இருக்கிறது. ஒருவர் வாயை மூடாமல் இருமினால், அதன் பலனை அவரோடு சேர்ந்து ஊராரும் அநுபவிக்க நேரிடுகிறது. இந்த உண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய அநுபவம்

இந்நோய் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 1918-ம் வருஷமே சாக்ஷி. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாய் நகரில் இது முதன்முதலாகக் காணப்பட்டது. முதற் சுற்று ஓரளவு லேசாயிருந்தது. ஜனங்கள் அபாயம் நீங்கிற்று என்று எண்ணியிருக்கையில், செப்டம்பர் மாதத்தில் இரண்டாவது சுற்று தோன்றி, ரயில் பாதைகளின் வழியாகத் தேசமெங்கும் பரவிற்று. அவ்வருஷம் பல மாகாணங்களில் மழையும் பொய்த்துத் தானியம் அருகியிருந்தபடியால், ஜனங்களின் துன்பம் இருமடங்காயிற்று. சில மாதங்களுக்குள் இந்தியாவில் இறந்தவர்களின் தொகை 1 கோடியே 20 லட்சத்துக்குக் குறையாது என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதற்கும் மிகுதி என்று கணக்கிட்டவர்களும் உண்டு. சாதாரண வருஷங்களில் இந்நோய் சிசுக்களையும் முதியோரையுமே அதிகமாக வாட்டுவது வழக்கம். அவ்வருஷத்திலோ 20 வயது முதல் 40 வயது வரையிலுள்ள, குடும்பத்தைத் தாங்கி நின்ற ஸ்திரீ புருஷர்கள் பெருந்தொகையாய் மாண்டனர். இன்றைய இந்தியாவின் எல்லைக்குட்பட்ட ஜனத்தொகை 1911-ம் வருஷக் குடிமதிப்பில் 25 கோடியே 20 லட்சத்துக்குச் சற்று மேலாக இருந்தது. 1921-ல் 25 கோடியே 13 லட்சமாகக் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஜனத்தொகை குறைந்த தசாப்தம் இது ஒன்றே.

அக்காலத்தில் இந்நோயின் காரணம் இன்னதென்று ஒருவரும் அறியார். 1892-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பைபர் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே காரணம் என்று கருதினார். அது தவறாய் முடிந்தது. 1933-ம் வருஷத்தில்தான் இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானிகளான ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா என்னும் மூவர், மனிதனிடமிருந்து எடுத்த இன்புளுயன்ஸா வைரஸைப் பிரித்தறிந்தனர். 1957-ம் வருஷம் மே மாதத்தில் புது வகை இன்புளுயன்ஸா சிங்கப்பூரிலிருந்து கப்பல் மார்க்கமாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து பரவிற்று. 2009-ல் தோன்றி, பன்றிக் காய்ச்சல் என்று ஜனங்களால் அழைக்கப்பட்டதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அந்த வைரஸின் சந்ததி இப்போது வருஷந்தோறும் வரும் சாதாரண இன்புளுயன்ஸாக்களில் ஒன்றாய்விட்டது.

நோயின் இயல்பு

வைரஸ் என்பது சாதாரணப் பூதக்கண்ணாடியால் காண முடியாத அளவு நுண்ணியது. அது தனித்து வளராது. உயிருள்ள உடலில் புகுந்து, அங்குள்ள அணுக்களையே தன் பெருக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும். இன்புளுயன்ஸா வைரஸ்களில் ஏ, பி என்னும் இரண்டு வகைகளே வருஷந்தோறும் மனிதரிடையே கொள்ளைநோயாகப் பரவுகின்றன. இவற்றின் மேலுறை அடிக்கடி சிறிது சிறிதாக மாறுகிறது. முன் வருஷம் நோயுற்றுத் தேறியவரின் உடல் பழைய உறையை அடையாளம் கண்டு எதிர்க்கும். புது உறையுடன் வருவதைச் சரிவர அறியாது. ஒருமுறை வந்தவருக்கு இந்நோய் மறுமுறையும் வருவதற்கு இதுவே முக்கிய காரணம்.

மழையில் நனைந்ததனால் மட்டும் இன்புளுயன்ஸா உண்டாவதில்லை. நோயுள்ள ஒருவரிடமிருந்து கிருமி வந்து சேராமல் அது எவரையும் பற்றாது. ஆயினும், மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் சொல்லலாகாது. சென்னையிலும் வேலூரிலும் நடந்த ஆராய்ச்சிகளில், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்நோய் அதிகரிப்பதாகக் கண்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஜனங்கள் கதவு ஜன்னல்களை அடைத்து ஓரிடத்தில் நெருங்கியிருப்பது கிருமிக்கு அநுகூலமாகிறது.

சாதாரண ஜலதோஷம் மெதுவாக மூக்கொழுகலுடன் தொடங்கும். இன்புளுயன்ஸாவோ திடீரென்று தாக்கும். காலையில் வயலுக்குச் சென்றவர் மாலையில் குளிரும் ஜுரமும் கண்டு படுத்துவிடுவார். தலைவலி, உடல் முழுவதும் நோவு, வறட்டிருமல், தொண்டை வலி, மிகுந்த அசதி ஆகியவை உடனிருக்கும். குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் காணலாம். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் குணமடைவர். இருமலும் அசதியும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ நீடிக்கக்கூடும். சிலருக்கு இது நிமோனியாவாக முற்றி உயிருக்கு அபாயமாகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தோர், நீரிழிவு, ஆஸ்துமா, இருதயநோய், சிறுநீரகநோய் உள்ளவர்கள் ஆகியோர் மிகவும் ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும்.

பரவும் விதம்

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும், உரக்கப் பேசும்போதுங்கூட, கிருமி கலந்த நுண்துளிகள் வெளிப்படுகின்றன. அருகிலுள்ளோர் அவற்றைச் சுவாசிப்பதனால் நோய் தொற்றுகிறது. அத்துளிகள் கைகளிலும், மேஜை, பேனா, கதவுத் தாழ்ப்பாள் முதலியவற்றிலும் படிகின்றன. அவற்றைத் தொட்ட கையால் மூக்கையோ கண்ணையோ வாயையோ தொடுவோமாயின், கிருமி உள்ளே புக வழியுண்டு.

இவ்விஷயத்தில் ஒரு கணக்கை யாவரும் மனத்தில் கொள்ளுதல் அவசியம். கிருமி உடலில் புகுந்தபின் நோய் வெளிப்பட 1 நாள் முதல் 4 நாள் வரை ஆகும். பெரும்பாலும் 2 நாள். ஆனால் நோய் வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே அவர் பிறருக்கு அதைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். நோய் கண்டபின் 5 முதல் 7 நாள் வரை கொடுத்துவருகிறார். குழந்தைகள் இன்னும் சில நாள் அதிகமாகக் கொடுக்கலாம்.

உதாரணமாக ஒரு குடியானவரின் குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். குடும்பத் தலைவர் திங்கட்கிழமை சந்தையில் நோயாளி ஒருவரின் அருகில் நிற்கிறார். செவ்வாய்க்கிழமை தேகம் நன்றாகவே இருப்பதால், சங்க ஆபீஸில் உர விஷயமாகப் பலருடன் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை மாலை ஜுரம் காண்கிறது. வெள்ளிக்கிழமை அவர் மனைவி படுக்கிறார். சனிக்கிழமை வளர்ந்த மகன் படுக்கிறான். ஒவ்வொருவருக்கும் 5 நாள் வேலை கெட்டாலும், மூவருக்கும் சேர்ந்து 15 ஆள்வேலை நஷ்டம். அதுவோ சம்பாவுக்குக் களை பறிக்கவும் தாளடிக்கு நாற்று நடவும் ஆள் அகப்படாத காலம். நடவு பிந்தினால் மகசூல் குறையும். மகசூல் குறைந்தால் சங்கத்துக் கடன் தவணை தவறும். மருந்துச் செலவுக்காக வெளியில் அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்க நேர்ந்தால், ஒரு வார ஜுரத்தின் சுமை ஒரு வருஷம் நீடிக்கும். செவ்வாய்க்கிழமை அவரோடு பேசியிருந்தவர்களின் வீடுகளிலும் இதே கணக்கு நடைபெற்றுக்கொண்டிருக்கும்.

அவர் செவ்வாய்க்கிழமை செய்தது குற்றமன்று. தமக்கு நோய் இருப்பதை அவர் அறியார். ஆகையால், நோயாளியென்று தெரிந்தவர் மட்டும் ஜாக்கிரதையாயிருந்தால் போதாது. மழைக்காலம் முழுவதும் எல்லோரும் சில வழக்கங்களைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

தடுக்கும் உபாயங்கள்

1. இருமும்போதும் தும்மும்போதும் மூக்கையும் வாயையும் துண்டினாலோ, முழங்கை மடிப்பினாலோ மூடிக்கொள்ள வேண்டும். உள்ளங்கையால் மூடுவது சரியன்று. அக்கை அடுத்த நிமிஷம் பிறர் பொருளைத் தொடும். அந்தத் துண்டினால் குழந்தையின் முகத்தைத் துடைக்கலாகாது. தினந்தோறும் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

2. வெளியிலிருந்து வந்ததும், உண்பதற்கு முன்னும், நோயாளியைத் தொட்டபின்னும் சோப்பினால் 20 விநாடியாவது கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வைரஸின் மேலுறை கொழுப்புப் பொருளால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துச் சிதைத்துவிடும். இதற்கு விலையுயர்ந்த சோப்பு அவசியமில்லை.

3. மழை பெய்தாலும், சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். காற்று மாறினால் கிருமியின் செறிவு குறைகிறது.

4. ஜுரம் கண்டவர் வீட்டிலேயே தங்க வேண்டும். மருந்தின் உதவியின்றி ஜுரம் விட்டு 24 மணி நேரம் ஆகும்வரை சந்தை, பள்ளிக்கூடம், கலியாணம், துக்க வீடு ஆகிய இடங்களுக்குப் போகலாகாது. "போகாவிட்டால் குறையாக நினைப்பார்களே" என்று எண்ணிப் போவதைக் காட்டிலும், சேதி சொல்லியனுப்புவதே உறவினருக்குச் செய்யும் மரியாதை. வெளியே சென்றே தீரவேண்டுமாயின் முகக்கவசம் அணிந்து செல்லுதல் வேண்டும்.

5. இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. கிருமியின் உறை மாறுவதற்கேற்ப, உலக சுகாதார ஸ்தாபனம் வருஷத்தில் இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எவ்வகைக் கிருமிகளை ஊசி மருந்தில் சேர்க்க வேண்டுமென்று ஆராய்ந்து சொல்கிறது. ஆகையால் ஊசியை வருஷந்தோறும் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டு சுமார் 2 வாரம் கழித்தே முழுப் பலன் ஏற்படும். எனவே மழை வருமுன், புரட்டாசி மாதத்துக்குள் போட்டுக்கொள்வது உசிதம். ஊசி போட்டவருக்கு நோய் வரவே வராது என்று சொல்ல முடியாது. கிருமிக்கு ஊசி பொருந்திய வருஷங்களில், வைத்தியரை நாடும்படியான நோய் 100-க்கு 40 முதல் 60 வரை குறைகிறது. வந்தாலும் கடுமை குறைவாயிருக்கும். கொல்லப்பட்ட கிருமியிலிருந்து செய்யப்படும் ஊசியால் இன்புளுயன்ஸா உண்டாகாது. ஓரிரு நாள் கைநோவும் லேசான ஜுரமும் காணலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு இவ்வூசி போடலாகாது. தாய் கர்ப்பகாலத்தில் போட்டுக்கொண்டால் அதன் பயன் சிசுவுக்கும் கிட்டும். யாருக்கு அவசியம், எங்கே கிடைக்கும் என்பவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரிடம் கேட்டறிக.

நோயாளியைப் பராமரித்தல்

நோயாளியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே படுக்க வைக்க வேண்டும். ஒரே அறையுள்ள வீடாயின், திண்ணையிலாவது ஜன்னலருகிலாவது படுக்கை போட்டு, மற்றவர்கள் சற்று எட்டிப் படுக்கலாம். ஒருவர் மட்டும் பணிவிடை செய்வது நலம். கர்ப்பிணியும் முதியோரும் அவ்வேலையை ஏற்கலாகாது. நோயாளியின் தம்ளரையும் தட்டையும் தனியே வைத்துச் சோப்பினால் கழுவினால் போதும்.

கஞ்சி, காய்ச்சி ஆறவைத்த நீர், மோர், இளநீர் ஆகியவற்றை அடிக்கடி கொடுக்க வேண்டும். "ஜுரக்காரனுக்கு லங்கணமே மருந்து" என்று நீரும் கொடாமல் இருப்பது பெருந்தவறு. முக்கியமாகக் குழந்தைகளுக்கு அது அபாயம். சுக்குக் கஷாயமும் வெந்நீரும் தொண்டைக்கு இதமளிக்கும், கிருமியைக் கொல்லமாட்டா. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. ஜுரத்துக்குப் பாராஸிட்டமால் மாத்திரையை வைத்தியர் சொன்ன அளவில் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மழைக்காலத்தில் டெங்கு ஜுரமும் இருப்பதால், பெரியவர்களும் வைத்தியரைக் கேளாமல் ஆஸ்பிரின் முதலிய வலி மாத்திரைகளை உட்கொள்ளலாகாது. டெங்கில் அவை இரத்தக்கசிவை அதிகப்படுத்தும்.

"எப்படியாவது ஓர் ஊசி போட்டு நாளைக்கே வேலைக்கு அனுப்பிவிடுங்கள்" என்று வைத்தியரை வற்புறுத்துவது நம்மவரிடம் காணப்படும் வழக்கம். ஆண்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸை ஒன்றும் செய்யா. தேவையின்றி அவற்றை உட்கொள்வதால் பணம் வீண். பின்னால் மெய்யாகவே தேவைப்படும்போது அவை பலிக்காமலும் போகலாம். இன்புளுயன்ஸாவுக்கென்றே ஓஸெல்டாமிவிர் என்னும் மருந்து இருக்கிறது. நோய் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிக பலன் உண்டு. எல்லோருக்கும் அது அவசியமில்லை. முன் கூறிய அபாயத்துக்குரியவர்கள் ஜுரம் கண்ட முதல் நாளே வைத்தியரிடம் செல்ல வேண்டுவது இதற்காகவே.

தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய குறிகள்

மூச்சுத் திணறல், மார்வலி, உதடு நீலம் பாய்தல், புத்தி தடுமாற்றம், எழுப்ப முடியாத மயக்கம், சிறுநீர் மிகவும் குறைதல், ஜுரம் விட்டபின் இருமலுடன் மீண்டும் கடுமையாக வருதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். குழந்தை பால் குடியாமலிருந்தாலும், மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்புறம் உட்குழிந்தாலும் அபாயமே. குழந்தை அழாமலிருக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60-ம், 2 மாதம் முதல் 1 வயதுவரை 50-ம், 1 வயது முதல் 5 வயதுவரை 40-ம், அல்லது அதற்கு மேலும் இருக்குமாயின், அது நிமோனியாவின் அறிகுறி. இக்கணக்கைத் தாய்மார் யாவரும் அறிந்திருப்பது நலம்.

சங்கம் செய்யக்கூடியவை

தனி மனிதர் வீட்டில் படுத்திருக்க வேண்டுமானால், படுத்திருப்பதற்கு அவருக்கு வசதி வேண்டும். பால் ஊற்றாவிட்டால் அன்றைய வரும்படி போய்விடும் என்பவர் ஜுரத்தோடு பால் சங்கத்துக்கு வரவே செய்வார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. இங்கேதான் சங்கம் முன்வர வேண்டும்.

முதலாவது, புரட்டாசி மாதக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து இவ்விஷயத்தைப் பேசச் செய்யலாம். இரண்டாவது, சங்க ஆபீஸிலும் நியாயவிலைக் கடையிலும் வாசலில் தண்ணீரும் சோப்பும் வைக்கலாம். விரல்ரேகை பதியும் கருவியையும் பொதுப் பேனாவையும் தொட்டவர்கள் கைகழுவிச் செல்ல அது உதவும். கூட்டங்களை ஜன்னல் அடைத்த அறையில் நடத்தாமல் தாழ்வாரத்தில் நடத்தலாம். மூன்றாவது, நோயுற்றவர் வீட்டுப் பாலை அண்டை வீட்டார் எடுத்து வந்து அவர் கணக்கில் ஊற்ற ஏற்பாடு செய்யலாம். நோயுற்ற வீட்டார் தங்களுக்குரிய ரேஷன் சாமான்களைப் பின்னொரு நாளில் பெறலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். நான்காவது, ஒருவர் வயலில் வேலை நின்றுவிட்டால் மற்றவர்கள் முறைவைத்து ஒரு நாள் உதவி செய்து, தமக்கு நேரும்போது அவ்வுதவியைத் திரும்பப் பெறலாம். இவற்றில் எதற்கும் பெரும் பணச்செலவு இல்லை. ஒருவர்க்கொருவர் நம்பிக்கை ஒன்றே வேண்டும். அந்த மூலதனம் நமது சங்கங்களில் ஏற்கெனவே இருக்கிறது.

1918-ல் நம் முன்னோருக்குக் கிருமி இன்னதென்று தெரியாது, தடுப்பூசியில்லை, நிமோனியாவுக்கு மருந்துமில்லை. இன்று இவை யாவும் உண்டு. இருந்தும், அடுத்த வீட்டுக்கு ஜுரம் போகாமல் தடுக்கும் வேலையை எந்த மருந்தும் நமக்காகச் செய்துவிடாது. சங்கத்தில் கடன் பெறுகிறவர் அண்டை அயலாருக்கு நஷ்டம் வராதபடி நடந்துகொள்ளக் கடமைப்பட்டிருப்பது போலவே, ஜுரம் கண்டவர் ஐந்து நாள் வீட்டிலிருக்கக் கடமைப்பட்டவர். அவர் அந்த ஐந்து நாளும் கவலையின்றிப் படுத்திருக்கும்படி பார்த்துக்கொள்ள ஊரார் கடமைப்பட்டவர்கள். வருகிற மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு சங்கமும் இதைப்பற்றி ஒரு தீர்மானம் செய்து, அதன்படி நடந்து காட்டுமாக.